நடை நிறுத்தினால் குழாய் மறந்துவிடும் – கேள்வி பதில்

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபிஸ்ட் நான். வயதும் ரத்தக்குழாயும் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

மயிலாப்பூர், 61 வயது: பிபி 158/72. மேல் எண் ஏறுகிறது, கீழ் எண் இறங்குகிறதே, ஏன்?

மொட்டை மாடியில் வருஷக்கணக்கில் வெயில் தின்ற டியூபைத் தொட்டுப் பாருங்கள் அம்மா. விறைத்துக் கிடக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்கும் வயதானால் அதே கதிதான். சுவரில் உள்ள, ரப்பர் போல் நீண்டு சுருங்கும் எலாஸ்டின் இழைகள் அறுந்து, அந்த இடத்தில் விறைப்பான கொலாஜன் சேர்கிறது. இதயம் தள்ளும்போது குழாய் விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது. விரிந்த குழாய் சுருங்கித்தான் அடுத்த துடிப்பு வரை ரத்தத்தைத் தள்ள வேண்டும். அதுவும் நடக்காததால் கீழ் எண் இறங்குகிறது. உங்களுக்கு வித்தியாசம் 86. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அண்ணா நகர், 66 வயது: இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும் சார். குழாயின் உட்சுவரில் எண்டோதீலியம் என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. நடக்கும்போது ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓட, அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும்; குழாய் தளரும். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் மருத்துவ நோபல். லண்டனில் முதல் தடவை மாரத்தானுக்குத் தயாரான 138 பேரைச் சோதித்தார்கள். ஆறு மாதப் பயிற்சியில் மகாதமனியின் வயது சுமார் 4 ஆண்டு குறைந்திருந்தது. வயது கூடியவர்களுக்கும் பிபி கூடியவர்களுக்கும்தான் பலன் அதிகம்.

என் அப்பா 64 வயதில் ஆரம்பித்தார். நாகேஸ்வர ராவ் பூங்காவில் முதல் சுற்று முடியுமுன்னே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, "போதும்டா" என்றார். நாலு மாதம் கழித்து அதே பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐந்து சுற்று போனார்.

பெரம்பூர், பஸ் டிரைவர்: நாள் பூரா சீட்டில்தான். எனக்கு?

உங்கள் தொழிலில்தான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது அண்ணே. 1953இல் பிரிட்டிஷ் டாக்டர் ஜெரி மாரிஸ் லண்டன் பஸ் ஊழியர்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். நம்ம ஊர் கண்டக்டரும் பின் சீட்டில் உட்கார்ந்தே டிக்கெட் கொடுப்பவர். அவரையும் கூட்டிக்கொண்டு, டிரிப் முடிந்ததும் டெர்மினஸில் பத்து நிமிஷம் வேகமாக நடங்கள்.

வேளச்சேரி: எவ்வளவு வேகம்?

பேச முடியணும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது.

தாம்பரம்: தினமும் நடந்தால் சிகரெட் பாதிக்காதுதானே?

பாதிக்கும். நடையும் வேண்டும், சிகரெட்டும் போக வேண்டும்.

அடையாறு: ஐப்பசி மழையில் ஒரு மாதம் விட்டால்?

விடாதீர்கள். உட்சுவருக்குக் கிடைத்த பலன் சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். அபார்ட்மெண்ட் வராந்தாவில் நடங்கள், மாடிப்படி ஏறுங்கள். முழங்கால் வலி இருந்தால் இறங்கும்போது மட்டும் லிஃப்ட்.