கல்யாணமும் கிரீன் கார்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் கல்யாண வழியில் கிரீன் கார்டுக்கு (நிரந்தரவாசி அட்டைக்கு) மனுப் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர், பெயர் எல்லாம் நீக்கியாயிற்று. இதைப் பொதுவான வழிகாட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் படிவங்களின் பதிப்பும் அடிக்கடி மாறுகின்றன. மனு அனுப்பும் அன்று அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது ஜாதகம் பார்த்து, பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். அதற்கு முன் நேரில் பார்த்ததே இரண்டு தடவைதான். மனைவி அமெரிக்கக் குடிமகள். போலிக் கல்யாணம் என்று அதிகாரி சந்தேகப்படுவாரா?

பதில்: இந்தியர்களின் கேஸ்களைப் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு இது புதிதல்ல. சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: தாலி கட்டிய நேரத்தில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா? அதற்கு முன் காதலித்தீர்களா என்று அது கேட்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. "இதெல்லாம் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது" என்று நினைத்துப் பலர் கதையைத் திருத்திச் சொல்கிறார்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் மாப்பிள்ளை, "நண்பர் வீட்டு விசேஷத்தில்" என்பார். பெண், "மேட்ரிமோனி தளத்தில்" என்பார். உண்மையில் தளத்தில் வரனைப் பார்த்தது மாமாவாக இருக்கும், முதலில் போனில் பேசியது இரண்டு அம்மாக்களாக இருக்கும், அப்புறம்தான் இவர்கள் வீடியோ காலில் வந்திருப்பார்கள். அதை அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். ஜாதகம் பொருந்தியது, தாத்தா ஊரில் விசாரித்தார் என்பதையெல்லாம் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. திருத்திய கதையை இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்க முடியாது, நடந்ததை வைத்திருக்க முடியும்.

சான்றுகளில் நிச்சயதார்த்தப் படங்கள், பத்திரிகை, மண்டப ரசீது, கல்யாணத்துக்குப் போய்வந்த விமான டிக்கெட், நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையே பேசிய வாட்ஸ்அப் பதிவுகளில் சில பக்கங்கள் எல்லாம் சேரும். ரிசப்ஷன் ஆல்பத்தை முழுதாக அனுப்பாதீர்கள். இருபது படம் தாராளம். ஒவ்வொன்றிலும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். மேடையில் மாலையோடு நிற்கும் படத்தைவிட, வாடகை வீட்டுச் சமையலறையில் லுங்கியோடு தோசை சுடும் படத்துக்கு மதிப்பு அதிகம்.

கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, மருத்துவக் காப்பீடு, கார் காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். கணக்கைத் திறந்து நூறு டாலர் போட்டு அப்படியே விட்டுவைத்தால் அது எதற்காகத் திறந்தது என்று பார்த்தவுடனே தெரியும். வாடகையும் மளிகையும் போன தடம் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் இல்லை. கல்யாணச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். எதை எழுதுவது?

பதில்: நம் ஊர்க்காரர்களுக்கென்றே எழுதி வைத்த தலைவலி இது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மிடம் முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டம் கொடுத்தால் என்ன செய்வது? ஒரே பெயருள்ள பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா தரும்போது அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை எல்லாவற்றிலும் அது உங்கள் பெயராகவே ஒட்டிக்கொள்ளும்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே முதன்மைப் பெயராக எழுதுங்கள். இதுவரை வேறு எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருந்தாலும், இனிஷியல் விரிந்தது, எழுத்துக்கூட்டல் மாறியது, எஃப்என்யு போட்டது உட்பட எல்லாவற்றையும் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' பகுதியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் கடைசிப் பக்கத்தில் தொடரலாம். இத்தனை பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வையுங்கள். பெயர் வேறுபடுவதால் மனு கெட்டுப்போவதில்லை, அதைச் சொல்லாமல் விட்டால்தான் கேள்வி வரும். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற வேண்டுமானால் மனுப் போடும் முன் மாற்றிவிடுங்கள், நடுவில் வேண்டாம்.

கேள்வி: என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது.

பதில்: அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். முடிந்தால் பதிவு செய்த நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய பிரதி வாங்குங்கள். முடியாவிட்டால் இருக்கும் சான்றிதழோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், உங்கள் பிறப்பை நேரில் அறிந்த இரண்டு பெரியவர்களின் உறுதிமொழியும் வையுங்கள். பதிவே இல்லாதவர்கள் 'பதிவு கிடைக்கவில்லை' என்ற சான்றை அந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும்.

தமிழில் உள்ள தாள் எதுவானாலும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போக வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த யாரும் செய்யலாம். தனக்கு மொழி தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை.

கேள்வி: கணவருக்கு வேலை வழியில் கிரீன் கார்டு கிடைத்துவிட்டது, குடியுரிமை இன்னும் இல்லை. நான் ஊரில் இருக்கிறேன். அவர் எனக்கு ஐ-130 (குடும்பத்தாரை அழைக்கும் மனு) போட்டுக் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

பதில்: கிரீன் கார்டு முதலில் வந்ததா, கல்யாணம் முதலில் நடந்ததா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், பலர் கேட்பதே இல்லை.

அவர் நிரந்தரவாசி ஆன நாளுக்கு முன்பே உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் தனியாக ஐ-130 தேவையில்லை. அவருடைய வேலைவழி மனுவிலேயே மனைவி என்ற முறையில் அதே முன்னுரிமைத் தேதியில் (அவர் வரிசையில் இடம் பிடித்த நாளில்) பின்தொடர்ந்து வரலாம். நீங்கள் ஊரில் இருப்பதால் அவர் ஐ-824 படிவம் போட்டுத் தூதரகத்துக்குத் தகவல் அனுப்ப வைக்க வேண்டும்.

கிரீன் கார்டுக்குப் பிறகு கல்யாணம் என்றால் ஐ-130தான். நிரந்தரவாசிகளின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும், மாதாமாதம் வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டினில் தேதி பார்க்க வேண்டும். நடுவில் அவர் குடிமகன் ஆகிவிட்டால் குடிமக்களின் கணவன், மனைவிக்கு ஆண்டு வரம்பே கிடையாது என்பதால் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிடலாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான், சென்னையில் இல்லை. இலங்கையிலிருந்து என்றால் கொழும்பு.

கேள்வி: மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே மனுப் போட்டுவிடு, சீக்கிரம் முடியும்" என்று அப்பா சொல்கிறார்.

பதில்: அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுற்றுலாவுக்கென்றே வந்து, பிறகு நிலைமை மாறி மனுப் போடுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. தங்கிவிடும் திட்டத்தோடு விமானம் ஏறி, நுழைவு வாசலில் "இரண்டு வாரம் சுற்றிப் பார்க்க வந்தேன்" என்பது பொய்த் தகவல். நிரூபணமானால் ஆயுளுக்கும் நுழைவுத் தடை, அதை நீக்கத் தனி விலக்கு மனுப் போட வேண்டும். குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரில் இருப்பவருக்குத் தூதரக வழி மெதுவானதுதான், ஆனால் நேரானது.

கேள்வி: ஐ-485 (அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் மனு) போட்டுவிட்டோம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. போய் வரலாமா?

பதில்: அட்வான்ஸ் பரோல், அதாவது போய்த் திரும்புவதற்கு முன்கூட்டியே வாங்கும் பயண அனுமதி, கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் ஐ-485ஐக் கைவிட்டதாகக் கணக்கு. எச்-1பி, எல் போன்ற வேலை விசாக்காரர்கள், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாக்காரர்கள் என்று சிலருக்கு மட்டும் விலக்கு. அந்த நிலை தொடர்ந்து, செல்லுபடியாகும் விசாவோடு திரும்பினால் மனு அப்படியே நிற்கும். எஃப்-1 மாணவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவசரம் என்றால் மருத்துவமனைக் கடிதத்தோடு அவசர அட்வான்ஸ் பரோல் கேட்கலாம். விசா காலம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தங்கியிருந்தவர்கள் பரோல் இருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் பெட்டி கட்ட வேண்டாம்.

2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி ஐ-485க்கு 1,440 டாலர். அதோடு வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 தனி. ஐ-130க்குத் தாளில் 675, இணையத்தில் 625. காசு போகிறதே என்று பயண அனுமதியை விட்டுவிட்டவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் அனுப்புகிறார்கள். இன்னொன்று, 2024 டிசம்பரிலிருந்து மருத்துவப் பரிசோதனைப் படிவமான ஐ-693ஐ ஐ-485 உடனேயே சேர்த்து அனுப்ப வேண்டும். நேர்காணலுக்குக் கொண்டுபோகலாம் என்ற பழைய ஆலோசனையை நம்பாதீர்கள்.

கேள்வி: குடிமகளான என் மனைவி இன்னும் படிக்கிறாள், வருமானமில்லை. அவளுடைய பெரியப்பா கையெழுத்துப் போடுவாரா?

பதில்: போடலாம். மனைவி தன் ஐ-864ஐ (உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் படிவத்தை) கட்டாயம் போட வேண்டும், பெரியப்பா கூட்டுப் பொறுப்பாளராக இன்னொன்று போடுவார். அவர் அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரவாசியோ ஆக இருந்து, அமெரிக்காவில் வசிக்க வேண்டும். வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 விழுக்காடு தேவை. 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலராக இருந்தது. பெரியப்பா வீட்டு ஆட்களோடு உங்களையும் சேர்த்துத்தான் அவருக்குத் தலைக்கணக்கு.

கையெழுத்துக்கு முன் அவருக்கு ஒன்றைப் புரிய வையுங்கள். இது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து இல்லை. நீங்கள் குடிமகன் ஆகும் வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும் வரை அந்தப் பொறுப்பு நீடிக்கும். விவாகரத்து ஆனாலும் போகாது.

கேள்வி: கல்லூரியில் இடதுசாரி மாணவர் சங்கத்தில் இருந்தேன். கம்யூனிஸ்ட் கட்சி பற்றிப் படிவத்தில் கேட்கிறார்கள். இல்லை என்று போட்டுவிடலாமா?

பதில்: தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் செங்கொடி பறக்கிறது, அமெரிக்கச் சட்டமோ இந்த விஷயத்தில் இன்னும் பனிப்போர்க் காலத்தில்தான் நிற்கிறது. பொய் சொல்லாதீர்கள். கட்சி உறுப்பினராக இருந்தீர்களா, சங்கத்தில் மட்டுமா, எந்த ஆண்டு விலகினீர்கள் என்று எழுதிக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். மனுவுக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே விலகியவர்களுக்கும், 16 வயதுக்குள் மட்டும் உறுப்பினராக இருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. உண்மையைச் சொன்னால் தாண்டக்கூடிய இடம் இது. 'இல்லை' என்று போட்டுவிட்டு, பிறகு ஒரு பழைய முகநூல் படத்தால் மாட்டினால் அது பொய்த் தகவல் கேஸாக மாறிவிடும்.

ஈழத் தமிழர்களுக்கு இதைவிடக் கனமான பகுதி பயங்கரவாத அமைப்புகள் பற்றிய கேள்விகள். விடுதலைப் புலிகள் 1997 அக்டோபரிலிருந்து அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருக்கிறார்கள். வன்னியில் கடை வைத்திருந்தவர் கட்டிய வரி, கட்டாயத்தில் சமைத்துக் கொடுத்த சாப்பாடு இவைகூட 'பொருள் உதவி' என்ற சொல்லுக்குள் இழுக்கப்படலாம். கட்டாயத்தின் பேரில் நடந்தவற்றுக்கு விலக்கு வழி இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதியை நீங்களாக நிரப்பாதீர்கள். முன்பு அகதி மனுவில் என்ன சொன்னீர்களோ அந்தப் பிரதியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: நேர்காணலில் இருவரையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்பார்களாமே?

பதில்: எல்லோரையும் இல்லை. பெரும்பாலும் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, உண்மை சொல்வதாக உறுதிமொழி வாங்கி, ஐ-485இல் உள்ளதை வரிசையாகச் சரிபார்ப்பார்கள். நடுவில் கல்யாணக் கேள்விகள் வரும். சந்தேகம் வந்தால்தான் பிரித்துக் கேட்டு ஒப்பிடுவார்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பாடு, யார் சமைத்தது, கட்டிலில் யார் எந்தப் பக்கம், மின்கட்டணம் யார் கட்டுகிறார், மாமியார் கடைசியாக எப்போது போன் செய்தார் என்று போகும்.

இணையத்தில் கிடைக்கும் நூறு கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்பித்தால் குரலிலேயே தெரியும். அதற்குப் பதில் நீங்கள் அனுப்பிய மனுவை முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். பழைய முகவரி, வேலைத் தேதி, முந்தைய விசா மறுப்பு, இதில்தான் தடுமாறுகிறார்கள். நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொல்லும் பதில்தான் மாட்டிவிடும். ஒருவர் பேசும்போது மற்றவர் எடுத்துக் கொடுக்க வேண்டாம். நம் கணவன்மார்களுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். ஆங்கிலம் சரளமில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போகலாம், கணவர் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

கேள்வி: இரண்டு வருடக் கார்டு வந்திருக்கிறது. கணவர் அடிக்கிறார், பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்திருக்கிறார். "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான்" என்கிறார். அது உண்மையா?

பதில்: உண்மையில்லை. கார்டு கிடைத்த நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு இந்த நிபந்தனைக் கார்டுதான் வரும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் இருவரும் சேர்ந்து ஐ-751 (நிபந்தனையை நீக்கக் கேட்கும் மனு) போட வேண்டும் என்பது வழக்கமான வழி. ஆனால் கொடுமை நடந்தாலோ, விவாகரத்து ஆகியிருந்தாலோ நீங்கள் தனியாகவே போடலாம், அதற்கு அந்த 90 நாள் கணக்கும் இல்லை, அவர் கையெழுத்தும் வேண்டாம்.

கார்டே இன்னும் வராத நிலையில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. கொடுமை செய்கிறவர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் ஐ-360 மூலம் தாங்களே மனுப் போடலாம். அதை யுஎஸ்சிஐஎஸ் கணவரிடம் சொல்லக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. விவாகரத்து ஆகிவிட்டால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

போலீஸ் புகார், மருத்துவமனைச் சீட்டு, தோழிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாமே சான்றுதான். அவர் பார்க்க முடியாத மின்னஞ்சலுக்கு இப்போதே அனுப்பி வையுங்கள். கார்டையும் கல்யாணச் சான்றிதழையும் படம் எடுத்து அதிலேயே சேருங்கள். பாஸ்போர்ட்டுக்கு இந்தியத் துணைத் தூதரகத்தில் புகார் நகலோடு மாற்று கேட்கலாம். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. பகலோ இரவோ எந்த நேரமும் எடுப்பார்கள், "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் இலவச உதவி தரும் அமைப்புகளின் விவரத்தையும் அவர்களிடமே கேளுங்கள்.