கரீபியன் கோடை: காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: ஆகஸ்டு மாதத்தில் குடும்பத்துடன் கரீபியன் தீவு ஒன்றில் பத்து நாள் தங்க விரும்புகிறோம். அது புயல் காலம் என்று சிலர் தடுக்கிறார்கள். அப்போதுதான் விடுதிக் கட்டணம் குறைவு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரு தரப்பும் சொல்வது உண்மைதான். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நீளும் கூட்ட காலம் முடிந்ததும் பெரும்பாலான தீவுகளில் அறை வாடகை இறங்கிவிடுகிறது. ஆனால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் பருவம். ஆகஸ்டு நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். பருவத்தின் தொடக்கத்தில் கடும் புயல் வராது என்ற நம்பிக்கையை 2024இல் வந்த பெரில் புயல் தகர்த்துவிட்டது. ஜூலை 1 அன்று கிரெனடாவைச் சேர்ந்த காரியாக்கு தீவில் கரையேறிய அது, அங்கிருந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது.

ஆகவே எந்தத் தீவு அழகானது என்று பார்ப்பதற்கு முன், அது எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று பாருங்கள். கிழக்கிலிருந்து வரும் புயல்கள் பொதுவாக மேற்கு நோக்கி நகர்ந்து, பிறகு வடக்கே வளைந்துவிடுகின்றன. அதனால் வெனிசுலாவுக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 12 பாகை அட்சரேகையில் உள்ள அரூபா, பொனேர், குராசோ ஆகிய மூன்று தீவுகளும் அவற்றின் வழக்கமான பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கின்றன. ஆகஸ்டில் போவதென்றால் என் முதல் பரிந்துரை இவைதான். மணலில் கால் புதைய நடக்க விரும்பினால் அரூபாவின் ஈகிள் கடற்கரைக்குச் செல்லுங்கள். பொனேரில் மணல் குறைவு, பவளக் கற்களே மிகுதி. ஆனால் தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக இருப்பதால், கரையிலிருந்து சில அடி நீந்தினாலே பவளப் பாறைகளையும் மீன் கூட்டங்களையும் காணலாம். தெற்கே இருப்பது முழுக் காப்பு என்று மட்டும் எண்ண வேண்டாம். 11 பாகையில் உள்ள டொபாகோவை 1963இல் ஃப்ளோரா புயல் சீரழித்தது. எந்தத் தீவுக்குப் போனாலும் பயணக் காப்பீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் சூட்டிய பிறகு வாங்கும் காப்பீடு, அந்தப் புயலால் நேரும் இழப்புக்குப் பொதுவாகச் செல்லாது.

கேள்வி: சென்ற கோடையில் பார்படாஸ் போய்வந்த உறவினர், கரையெங்கும் பழுப்புநிறப் பாசி குவிந்து நாற்றமடித்தது என்றார். எல்லாத் தீவுகளும் இப்படித்தானா?

பதில்: அவர் பார்த்தது சர்காசம் என்னும் மிதக்கும் கடற்பாசி. 2011 முதல் இது அட்லாண்டிக்கில் பெரும் பரப்பாகத் திரண்டு, குறிப்பாகக் கோடையில், கரீபியன் கரைகளில் ஒதுங்குகிறது. நடுக்கடலில் இது ஆமைக் குஞ்சுகளுக்கும் சிறு மீன்களுக்கும் அடைக்கலம் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கரையில் குவிந்து அழுகும்போதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவந்து அழுகிய முட்டையின் வாடை வீசுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அத்தகைய குவியலிலிருந்து விலகியிருப்பது நல்லது.

இங்கே ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வீசுவது கிழக்கிலிருந்து வரும் கொண்டல். பாசியையும் பேரலைகளையும் அந்தக் காற்று கிழக்குக் கரையில்தான் முதலில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரே பார்படாஸில் கிழக்கே பத்‌ஷீபா கரை அலைச்சறுக்கு வீரர்களுக்குப் புகழ்பெற்றது, நீந்துவதற்கோ ஆபத்தானது. மேற்கே ஹோல்டவுன் பக்கம் கடல் குளம்போல் கிடக்கும், பாசியும் குறைவு. கிரெனடாவின் தென்மேற்கில் உள்ள கிராண்ட் ஆன்ஸ், கிராண்ட் கேமனின் மேற்கே உள்ள செவன் மைல் ஆகிய கடற்கரைகளின் அமைதிக்கும் காற்று மறைவில் இருப்பதே முக்கியக் காரணம். விடுதியின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அது தீவின் எந்தப் பக்கம் உள்ளது என்று வரைபடத்தில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் கடலாமைகளைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். கோடையில் அதற்கு வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் மிகச் சிறந்த வாய்ப்பு. டிரினிடாடின் வடகரையில் உள்ள கிராண்ட் ரிவியேர் கடற்கரைக்கு, உலகின் மிகப் பெரிய ஆமையினமான லெதர்பேக் ஆமைகள் மார்ச் முதல் ஆகஸ்டு வரை இரவில் வந்து முட்டையிடுகின்றன. முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்பதால், ஆகஸ்டில் தாய் ஆமைகளைவிடக் கடலை நோக்கித் தத்திச் செல்லும் குஞ்சுகளைக் காணவே வாய்ப்பு அதிகம். பருவ காலத்தில் அக்கடற்கரைக்குச் செல்ல அனுமதிச் சீட்டு தேவை. வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். கைப்பேசியின் ஒளிகூட ஆமைகளைத் திசைதிருப்பிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிப் புரியவையுங்கள்.

கேள்வி: பெட்டியில் எதை எடுத்துச் செல்லக் கூடாது?

பதில்: ராணுவச் சீருடை போன்ற புள்ளி வடிவ ஆடைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், செயின்ட் லூசியா ஆகியவற்றில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை. பவளத்துக்குத் தீங்கு செய்யும் ஆக்ஸிபென்சோன் கலந்த வெயில் களிம்பு அரூபாவிலும் அமெரிக்க விர்ஜின் தீவுகளிலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கடற்கரை ஓரங்களில் சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய்களுடன் நிற்கும் மான்சினீல் மரத்தின் பால் கொடிய நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்புளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி எச்சரித்திருப்பார்கள்.