ஜூலை 20ஆம் தேதிக்கு என்ன சிறப்பு? அன்று நடந்தவை, கொண்டாடப்படுபவை, பிறந்தவர்கள் யார் யார்?

ஜூலை 20 என்றதும் முதலில் வந்து நிற்பது நிலவுதான். 1969இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் 'ஈகிள்' கலத்தில் அங்கே இறங்கிய நாள். ஐ.நா.வும் 2021இல் இதைச் சர்வதேச நிலவு தினமாக அறிவித்துவிட்டது.

ஆனால் வினாடி வினாவில் யாராவது இதைக் கேட்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள். கலம் தரைதொட்டபோது கிரீன்விச் நேரப்படி 20ஆம் தேதி இரவு 8.17. இந்தியாவில் அப்போதே நள்ளிரவு தாண்டி 21 பிறந்துவிட்டது. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தது கிரீன்விச் கணக்கிலேயே 21ஆம் தேதி அதிகாலை 2.56, அமெரிக்காவில்தான் அப்போதும் 20ஆம் தேதி இரவு. இறங்கியதையும் நடந்ததையும் சேர்த்து ஒரே தேதியில் சொல்வது அமெரிக்கக் கணக்கு.

அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பேனா. நடந்து முடித்து கலத்துக்குள் வந்த பிறகு பார்த்தால், மேலே கிளம்ப வேண்டிய இன்ஜினுக்கு மின்சாரம் கொடுக்கும் பிரேக்கர் சுவிட்சின் முனை உடைந்து தரையில் கிடந்திருக்கிறது. அதை உள்ளே அழுத்தாமல் கிளம்ப முடியாது. மின்சார விஷயம் என்பதால் விரலையோ உலோகத்தையோ விட ஆல்ட்ரினுக்குத் துணிவில்லை. சட்டைப் பையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவின் முனையை அந்தத் துளைக்குள் விட்டு அழுத்தினார். வேலை செய்தது. அத்தனை கோடி செலவழித்துப் போனவர்களைத் திருப்பி அனுப்பியதில் ஒரு பேனாவுக்கும் பங்கு உண்டு!

இப்படித் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கிறவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். ஒரு நாளில் தானாக வந்து விழுந்தது எது, ஆள் பார்த்து ஒட்டவைத்தது எது என்று பிரித்துப் பார்ப்பேன். ஜூலை 20இல் இரண்டுமே தாராளமாகக் கிடைக்கும்.

தானாக விழுந்ததற்கு அமெரிக்காவின் ஆளில்லா விண்கலமான வைக்கிங் 1 நல்ல உதாரணம். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டு நாளான 1976 ஜூலை 4 அன்று அதைச் செவ்வாயில் இறக்கத்தான் முதலில் திட்டம். சுற்றுப்பாதையிலிருந்து வந்த படங்களில் குறித்து வைத்த இடம் கரடுமுரடாகத் தெரியவே, வேறு இடம் தேடித் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் இறங்கியது ஜூலை 20, நிலவில் இறங்கி சரியாக ஏழு வருடம் கழித்து. அது அனுப்பிய முதல் படம் என்ன தெரியுமா? தன் காலையே எடுத்த படம்! புதையாமல் நிற்கிறோமா என்று பார்த்துக்கொண்டது.

ஒட்டவைத்ததற்கு நண்பர்கள் தினம். அர்ஜென்டினாவில் என்ரிக்கே ஃபெப்ரரோ என்ற பல் மருத்துவர், நிலவில் மனிதன் இறங்கிய அன்று உலகமே ஒரு குடும்பமாக உட்கார்ந்து பார்த்தது, ஆகவே இதுதான் நட்பின் நாள் என்று கிளப்பிவிட்டார். பிடித்துக்கொண்டது. 2005இல் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர்களின் கூட்டம் தாங்காமல் அங்கே பெரிய நகரங்களில் செல்போன் இணைப்பே படுத்துவிட்டதாம். இதைக் கோடைக்கால விசேஷப் பட்டியலில் பார்த்தால் சிரிப்புதான் வரும். அங்கே ஜூலை என்றால் நடுங்கும் குளிர்காலம்.

கொலம்பியாவின் சுதந்திர தினமும் இதுதான், அதன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1810இல் பொகோட்டாவில் ஸ்பானிய ஆட்சிமேல் உள்ளூர்த் தலைவர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மக்களைத் தெருவுக்கு இழுக்க ஒரு சாக்கு வேண்டும். விருந்தினர் ஒருவரை வரவேற்கும் அலங்காரத்துக்கு என்று சொல்லி, யோரென்தே என்ற ஸ்பானிய வணிகரிடம் பூஜாடி ஒன்றை இரவல் கேட்டார்கள். மறுப்பார் என்று தெரிந்தே கேட்டது. வாக்குவாதம், அடிதடி, கலவரம். அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. தேதியைக் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகம், ஜாடியின் மிச்சமும் அங்கேதான்.

மற்றவை சுருக்கமாக. 1924இல் பாரிஸில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தொடங்கிய நாள், அதனால் சதுரங்க தினம். 1944இல் ஹிட்லரைக் கொல்ல ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் அவரது கூட்ட அறையில் பெட்டிக்குள் குண்டு வைத்த நாள். மேசையின் தடித்த கால் நடுவே வந்ததால் ஹிட்லர் தப்பினார். 1968இல் சிகாகோவில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸ். 1960இல் இலங்கைத் தேர்தல். மறுநாள் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றார். ரேடியோ மார்க்கோனி 1937இலும், புரூஸ் லீ 1973இல் 32 வயதிலும் இறந்தது இதே தேதியில்.

அமெரிக்காவில் லாலிபாப் தினம் என்றும் ஒன்று உண்டு. ஏன் இந்தத் தேதி என்று கேட்கக்கூடாது, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். ஜூலை மூன்றாம் ஞாயிறு அவர்களுக்கு ஐஸ்கிரீம் தினம்; சில வருடங்களில் இரண்டும் ஒன்றாக வரும், 2025இல் வந்தது.

பிறந்தநாள்காரர்களில் எட்மண்ட் ஹிலாரிதான் என் தேர்வு. 1919இல் ஆக்லாந்தில் பிறந்தவர், தேனீ வளர்ப்பது தொழில். 1953இல் டென்சிங்கோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். ஆண்டைக் கழித்துப் பாருங்கள்: ஈகிள் நிலவில் இறங்கிய அன்று அவருக்குச் சரியாக 50 வயது! அப்புறம் 1985இல் ஹிலாரியும் ஆம்ஸ்ட்ராங்கும் ஒரு சின்ன விமானத்தில் சேர்ந்தே வட துருவத்தில் போய் இறங்கினார்கள். இப்படி ஒரு ஜோடியை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானா (1947), இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் (1304) இருவரும் இதே தேதிதான். பட்டாணிச் செடியை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டலையும் (1822) சேர்ப்பார்கள். ஆனால் அவருக்கு ஜூலை 22 என்றும் சில நூல்களில் இருக்கும். உங்கள் பட்டியலில் அவர் பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வையுங்கள்.