கோயில் எல்லாருக்கும் பொது, நீங்கள் எடுத்த படம் அப்படியல்ல

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். தாராசுரம் கோயில் சிற்பங்களைப் படமெடுத்து, கட்டுரைகளும் எழுதி என் சொந்த இணையதளத்தில் போட்டு வருகிறேன். சில படங்கள் நண்பர் எடுத்தவை. வெளிமாநிலச் சுற்றுலா நிறுவனம் ஒன்று, படங்களின் மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டுத் தன் விளம்பரப் பக்கத்தில் போட்டிருக்கிறது. கட்டுரையிலிருந்தும் பல பத்திகள் அப்படியே இருக்கின்றன. கேட்டால், “கோயில் எல்லாருக்கும் பொதுதானே, நீங்கள் பதிவும் செய்யவில்லையே” என்கிறார்கள். ஒரு யூடியூப் சேனல் என் கட்டுரையை வரி விடாமல் வாசித்து வீடியோ போட்டிருக்கிறது. என்ன செய்யலாம்? இனிமேல் எடுக்காமல் தடுக்க வழி உண்டா?

பதில்: ஐயா, அவர்கள் சொன்ன இரண்டுமே உங்களிடம் செல்லாது. தாராசுரம் 12ஆம் நூற்றாண்டுக் கோயில். அந்த நாயன்மார் சிற்பங்களில் யாருக்கும் பதிப்புரிமை கிடையாது என்பது சரிதான். ஆனால் எந்த நேரத்து வெயிலில், எந்தக் கோணத்தில் எடுப்பது என்று முடிவு செய்து நீங்கள் எடுத்த படம் உங்கள் படைப்பு. வேண்டுமானால் அவர்களும் ஒரு கேமராவோடு தாராசுரம் போய் எடுத்துக்கொள்ளட்டும்.

பதிவு விஷயமும் அப்படித்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது இருக்கும். பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக உதவும், அவ்வளவுதான். உங்களிடம் கேமராவில் பதிவான மூலக் கோப்புகள் தேதியோடு இருந்தால் அதுவே நல்ல சான்று. அவற்றை அழித்துவிடாதீர்கள்.

கட்டுரையில் ஓர் எல்லை உண்டு. கோயிலைக் கட்டியவர் இரண்டாம் ராஜராஜன் என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அதை நீங்கள் சொன்ன விதம்தான் உங்களுடையது. அந்த யூடியூபர் தகவலை மட்டும் எடுத்துத் தன் நடையில் பேசியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வரி விடாமல் வாசித்திருப்பதால் மாட்டிக்கொண்டார். யூடியூபிலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

சுற்றுலா நிறுவனத்துக்கு வருகிறேன். இனி அவர்களோடு ஒரு வார்த்தையும் பேசாமல், முதலில் ஆதாரத்தைச் சேருங்கள். அவர்களுடைய ஒவ்வொரு பக்கத்தையும் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமித்துவையுங்கள். வக்கீல் நோட்டீஸ் கிடைத்த மறுநாளே பக்கம் காணாமல் போவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வழக்கு என்று வந்தால் மின்னணு ஆதாரத்துக்குச் சாட்சிய சட்டப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் நோட்டீஸ். படங்களை நீக்கவும், பயன்படுத்தியதற்குத் தொகை தரவும் கேளுங்கள். பெயரை வெட்டியதை அதில் கட்டாயம் சொல்லுங்கள். உரிமையாளரின் அடையாளத்தைத் தெரிந்தே நீக்குவது பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்கீழ் தனிக் குற்றம்: 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நோட்டீஸால் இன்னொரு லாபம், இது பதிப்புரிமை உள்ள படைப்பு என்று தெரியாமல் செய்துவிட்டோம் என்று அதன்பின் அவர்கள் தப்பிக்க முடியாது.

நோட்டீஸுக்கு அசையவில்லை என்றால், அவர்கள் தளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, புகார் ஏற்கத்தக்கதாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்தவேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் பக்கம் திரும்ப வந்துவிடலாம். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும்படி கூகுளிடம் கேட்பதற்கும் தனிப் படிவம் உண்டு.

வழக்குக்காக அவர்கள் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். போலீஸில் புகார் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது; 63ஆம் பிரிவுக் குற்றத்துக்கு, அதாவது தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கு, வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் சில படங்களுக்காக ஸ்டேஷன் படியேறி இறங்குவதைவிட நோட்டீஸ் சீக்கிரம் பலன் தரும் என்பது என் கருத்து.

தடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ரைட் கிளிக்கை முடக்குவதெல்லாம் வீண் வேலை, ஸ்கிரீன்ஷாட்டை எதுவும் தடுக்காது. சின்ன அளவுப் படத்தை மட்டும் தளத்தில் போட்டு, பெரிய அளவை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மூலையில் போடாமல் படத்தின் நடுப்பகுதியில் மெல்லிதாகப் போட்டால் வெட்ட முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் பெயர், ஆண்டு, “அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது” என்ற வரி இருக்கட்டும்.

நண்பர் எடுத்த படங்களைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் தளத்தில் இருந்தாலும் அவற்றின் உரிமை அவருக்கே. உரிமையை உங்களுக்கு மாற்றுவதாக இருந்தால் வாய்ப்பேச்சு போதாது, அவர் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். இப்போதைக்கு நோட்டீஸில் அவர் படங்களைச் சேர்க்காதீர்கள். சேர்க்க வேண்டுமென்றால் அவரையும் உங்களோடு ஒரு தரப்பாகச் சேர்த்து அனுப்புங்கள்.