வீட்டை விற்பனைக்குத் தயார் செய்தல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: விற்பதற்கு முன் என்ன நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம்?

பதில்: எந்த அறைக்கு, ஜன்னல் எத்தனை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். வெள்ளையை ஒட்டிய வெளிர் நிறம், மேட் ஃபினிஷ். பளபளப்பான பூச்சு சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதம் வரை அறைக்குத் திருப்பித் தரும். அடர்நீலம் 10 சதவீதத்தைத் தொடுவதே அரிது. ஆனால் சுவரில் ஓதம் இருந்தால் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், பெயிண்ட் பிறகு.

கேள்வி: 2 ஆண்டுக்கு முன்தான் சமையலறையை முழுக்க மாற்றினோம். அந்தச் செலவை விலையில் அப்படியே சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், வாங்குபவர் தர மாட்டார். கானமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் குவளையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை இல்லாத மற்றவர்கள் அதை வாங்கத் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். சற்றுமுன் கைக்கு வந்த குவளைக்கே அப்படி என்றால், வாழ்ந்த வீட்டுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் ஆசையாகத் தேர்ந்த அலமாரி நிறம் அவருக்குப் பிடிக்காமலே போகலாம். அவர் பார்ப்பது இழுப்பறை சரியாக மூடுகிறதா, சிங்க்குக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்பதைத்தான்.

கேள்வி: காலி வீடாகக் காட்டுவதா, பொருள்களோடா?

பதில்: பாதிப் பொருள்களோடு. காலி அறையில் கட்டில் பிடிக்குமா என்று கண்ணுக்கு அளவு தெரியாது, அறை சிறிதாகத் தோன்றும். நடக்கும் வழி 90 சென்டிமீட்டராவது இருக்கட்டும். அலமாரிகளையும் பாதியாக்குங்கள், வருபவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

கேள்வி: ஹால் சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உரிகிறது. புட்டி போட்டு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் தெரியாது என்கிறார் பெயிண்டர். அடுத்த வாரம் வீடு பார்க்க வருகிறார்கள்.

பதில்: அவர் சொன்னதைச் செய்யாதீர்கள். தரையிலிருந்து இடுப்பளவுக்குள் உரிந்தால், நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. அதற்கு மேலேயும் இருந்தால், அல்லது குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் என்றால், குழாய்க் கசிவைத் தேடுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஈரத்தோடு உப்பும் வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, பெயிண்டையும் காரையையும் உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே நீர்புகாத பூச்சைப் பூசினால் ஈரம் போக வழியின்றி உள்ளேயே சேர்ந்து, இன்னும் உயரத்தில் வெளிப்படும். சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். அதற்குள் வீடு கைமாறிவிட்டால் போதும் என்பதுதான் பலருடைய கணக்கு. ஒரு குடும்பம் காலமெல்லாம் சேர்த்ததைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அவர்களுக்கு நோய்பிடித்த சுவரை மறைத்து விற்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

தவிர, அது மறையவும் மறையாது. வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரு சுவர் மட்டும் புதிது என்றால் எவர் கையும் முதலில் அங்கேதான் போகும். அந்த ஒன்று பிடிபட்டால், நீங்கள் நேர்மையாகப் பழுதுபார்த்த மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார். வயரிங், மொட்டைமாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். உண்மையான பழுதுச் செலவைவிட அது அதிகமாகவே இருக்கும்.

ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். அடைத்த பிறகும் 25 மில்லிமீட்டர் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒரு செங்கல் கனச் (ஒன்பது அங்குலச்) சுவருக்கு எட்டு, ஒன்பது மாதம். காத்திருக்க முடியாதா? சுவரை அப்படியே விட்டு, செய்த வேலையின் பில்லைக் காட்டி, மிச்ச வேலைக்கு ஆகும் செலவை விலையில் குறைத்துக் கொடுங்கள். முதலில் தண்ணீர், பெயிண்ட் பிறகு.

கேள்வி: வீட்டில் ஏதோ வாடை என்கிறார் தரகர். எங்களுக்குத் தெரியவில்லை. ரூம் ஸ்ப்ரே போதுமா?

பதில்: போதாது. சில நிமிடங்களிலேயே மூக்கு எந்த வாடைக்கும் பழகிவிடும், அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. புழங்காத குளியலறை இருக்கிறதா? தரைச் சல்லடைக்கு அடியில் ட்ராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடைக் காற்று நேராக மேலே வரும். வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்ப்ரே அடித்தால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் வருபவருக்குத் தோன்றும்.

கேள்வி: ஒரே அறையில் பல்புகள் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தால் என்ன?

பதில்: சுவர் அழுக்காகத் தெரியும். பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள். எல்லாம் 3000 கெல்வின், அல்லது எல்லாம் 4000. கலக்க வேண்டாம்.

கேள்வி: குறைகளை நாமே சொல்ல வேண்டுமா?

பதில்: ஆம். அவர் கேட்பதற்கு முன்பே, எழுத்தில்.

கேள்வி: வீட்டைச் சுற்றிக் காட்டும்போது கூடவே இருந்து விளக்கலாமா?

பதில்: கதவைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள், குழாயைத் திறந்து பார்க்கவும் கூசுவார்கள். என்ன சொன்னார்கள் என்று பிறகு தரகரிடம் கேளுங்கள். ஒருவர் சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம். மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அதைச் சரிசெய்த பிறகு நான்காமவரை வரச் சொல்லுங்கள்.