மரண உதவிச் சங்கமும் தேசிய ஒருமித்த கருத்தும்

வணக்கம் ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன மாதம் ஹட்டனில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தேசிய ஒருமித்த கருத்தைக் கட்டியெழுப்புவது, சிவில் சமூகத்தைப் பலப்படுத்துவது என்று மூன்று மணித்தியாலம் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னா பேசுனாங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா கொழுந்தெடுக்கிறவர். இலங்கை மாதிரி இவ்வளவு சின்ன நாட்டில் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது ஏன் இத்தனை கஷ்டம்? கட்சியையும் தொழிற்சங்கத்தையும் விட்டால் மலையகத்தில் சிவில் சமூகம் என்று ஏதாவது இருக்கிறதா?

ஆர்., பொகவந்தலாவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் அம்மாவுக்குச் சொல்வதாக நினைத்தே எழுதுகிறேன். ஒருமித்த கருத்து என்ற சொல் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், புழங்குவதில்லை. "எல்லாரும் பேசி முடிச்சாச்சு" என்பார்கள். அந்த "எல்லாரும்" என்பதில் யார் யார் சேர்த்தி என்பதுதான் இந்த நாட்டின் பிரச்சினையே.

இந்த நாட்டுத் தலைவர்கள் ஒத்துப்போகத் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நம் மலையகத் தமிழரை வெளியே வைப்பதில் ஆட்சியில் இருந்தவர்கள் நன்றாகவே ஒத்துப்போயிருக்கிறார்கள். 1947 தேர்தலில் நம் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த 7 பேரும் எதிர்த்தார்கள், இடதுசாரிகள் எதிர்த்தார்கள், வடக்குத் தமிழர் தலைவர் செல்வநாயகம் எதிர்த்தார். பெரும்பான்மையின் பலத்தில் சட்டம் நிறைவேறியது. பிரஜாவுரிமை வேண்டுமானால் தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பதிவு போட்டார்கள்?

அப்புறம் 1964. நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், இப்படி நாடற்றவர்களாகிப்போன 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. என் தாத்தா இங்கே தங்கினார். அவருடைய தங்கை தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அதன் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

2003 இல் நடந்தது வேறு. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஒரே ஒரு கையாவது எதிர்த்து உயரும் என்று பயந்துகொண்டிருந்தவன் நான். அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1952 சத்தியாக்கிரகம், 1986 பிரார்த்தனைப் போராட்டம் என்று 55 வருடம் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் தட்டித் தட்டித் திறந்த கதவு அது.

சரி, சிவில் சமூகத்துக்கு வருகிறேன். அரசும் கட்சியும் இல்லாமல் சனங்கள் தாங்களாகவே கூடி நடத்துகிறதுதான் அது. சந்தா சேர்த்துச் சாவு வீட்டுக்கு உதவுகிற தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு எங்கள் அப்பா 14 வருடம் பொருளாளர். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கூட்டம் நடக்கும். பெரிய சீ.ஆர். கொப்பியை விரித்து, லயம் லயமாகப் பெயரையும் சந்தாவையும் சத்தமாக வாசிப்பார். தன் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் "ஆமா" என்பார்கள். வாசிக்கத் தெரியாதவரும் தன் காசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு தடவை பெரிய வழக்கு வந்தது. பத்தாம் நம்பர் லயத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சங்கத்தில் இருந்தது மகனின் பெயர். அவன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் எட்டு மாதம் சந்தா கட்டவில்லை. விதிப்படி பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. காசு கொடுக்கக் கூடாது என்று ஒரு பக்கம், பிணத்தை வைத்துக்கொண்டு விதி பேசுவதா என்று மறுபக்கம். கை தூக்கி முடித்துவிடலாம் என்றார் ஒருவர். அப்பா சம்மதிக்கவில்லை. "தோத்தவன் நாளைக்குக் குழி வெட்ட வருவானா?" என்று கேட்டார். ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "பதினோரு வருசம் சந்தா கட்டுனது அவன் இல்ல. அவங்க அம்மா கொழுந்துக் காசுல கட்டுனா. கொப்பியில மட்டும் அவன் பேரு."

மடுவத்தில் சத்தமே இல்லை. அப்பா பக்கங்களைப் பின்னால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காசு அன்றைக்கே போனது. அடுத்த மாதம் கொப்பியில் இன்னொரு கோடு கிழித்து, வீட்டுக்கு இரண்டு பெயர் எழுதத் தொடங்கினார். முறுக்கிக்கொண்டிருந்தவர்களும் குழி வெட்ட வந்தார்கள்.

உங்கள் கருத்தரங்கில் பேசப்பட்டது இதுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கணக்கை எல்லார் முன்னாலும் வாசிப்பது, தோற்றவன் விலகிப் போகாதபடி முடிவெடுப்பது, வாசலில் நிற்பவரைப் பேச விடுவது. நம்மிடம் இது இருக்கிறது. குறை என்னவென்றால், சாவோடு நின்றுவிடுகிறது. ரோடு, தண்ணீர், பாடசாலை என்று வந்தால் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். தொழிற்சங்கங்கள் நமக்குச் செய்தது பெரிது, அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றாகிப்போன பிறகு, கேள்வி கேட்கிற இடம் நம்மிடம் சுருங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து ரோடு ஒன்று. பிரதேச சபை போட்ட தார் சிங்களக் கிராமத்தின் கடைசி வீட்டோடு நின்றுவிடும். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவழிக்கத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்குப் போட்டது நாமும்தான். 2018 இல் அதைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. மேலே மரக்கறி போடுகிற கிராமத்தாருக்கும் அதே ரோடுதான் வழி. அவர்களிடமும் ஒரு மரணாதாரச் சங்கம் உண்டு. இரண்டு சங்கத்தாரும் ஒரு பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ் என்று ஒரே தாளில் மனு எழுதினார்கள். கூடவே 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று ஒரு விண்ணப்பம். அதைத் தமிழிலேயே எழுதலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். முக்கால் கிலோமீட்டர் கொங்கிரீட் போட்டார்கள். மிச்சம் இன்னும் கிடக்கிறது, மனுவும் இன்னும் போகிறது.

நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023 இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 16 நாள் போனதே, அது எனக்குப் பெரிய நம்பிக்கை. ஆனால் நடந்து முடித்தவர்கள் திரும்பி வருவது அதே லயத்துக்குத்தான். வேலை அங்கேதான் கிடக்கிறது.

உங்கள் தோட்டத்துச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தா கொப்பியைக் கேட்டு வாங்கி, உங்கள் வீட்டுக்கு நேரே யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.