பாலத்துக்குப் பயந்து பதவியை விடலாமா?

கேள்வி: மலேசியப் பெருநிலக் கரையில், பிறையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கடல்பாலம் தாண்டி பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் கிளையில் மேற்பார்வையாளர் பதவி தருகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டியபோது நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, மயங்கிவிடுவேனோ என்றாகிவிட்டது. அதிலிருந்து பாலத்தில் கார் எடுப்பதே இல்லை. பிள்ளைகள் சின்னவர்கள் என்று சொல்லி மறுத்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சரியில்லை அம்மா. பிள்ளைகளை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? இதே பதவி, இதே சம்பளம், ஆனால் அலுவலகம் பாலமே தாண்டத் தேவையில்லாத சுங்கைப் பட்டாணியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். போவீர்களா? போவேன் என்றால், இப்போது உங்களுக்காக முடிவெடுப்பது பயம். வேலைப்பளு தாங்காது, அங்கேயும் போகமாட்டேன் என்றால் தாராளமாக மறுங்கள்.

முதலில் அரசாங்க கிளினிக்கில் ஒரு இசிஜி, தைராய்டுக்கும் இரத்தச்சோகைக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு மிகுந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாம் சீராக இருந்தால், அன்று வந்தது பெரும்பாலும் பீதித் தாக்குதான், அதாவது திடீரென்று பெருகி உடம்பையே உலுக்கும் பயம். பயத்தில் மூச்சு வேகமாகும்போது கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மயக்கம் வர இரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியிலோ அது ஏறுகிறது. அதனால் மயங்கி விழுவது அபூர்வம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியத் தொடங்கும். பாலத்தைத் தவிர்த்த ஒவ்வொரு முறையும் 'அப்பாடா' என்றிருந்திருக்குமே, அந்த நிம்மதிதான் பயத்துக்கு இரண்டு வருடமாகச் சோறு போட்டிருக்கிறது.

நிறுவனத்திடம் நான்கு வாரம் அவகாசம் கேளுங்கள். முதல் வாரம் வீட்டில் யாராவது ஓட்ட, பக்கத்து இருக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு நான்கு தடவை போய்வாருங்கள். புறப்படும் முன் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், பயம் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். திரும்பியதும் உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண் பாதியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். பிறகு நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும். ஞாயிறு காலை ஏழு மணி நல்ல நேரம். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேல் 8.4தான். 80இல் போனால் கடல்மேல் ஆறேகால் நிமிடம். மூன்றாம் வாரம் அதே நேரத்தில் தனியாக. நான்காம் வாரம் வேலைநாள் காலை நெரிசலில். நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்: காலியான பாலத்தில் ஓட்டிவிட்டுக் குணமாகிவிட்டது என்று நின்றுவிடுவார்கள். உங்கள் பயம் நெரிசலில் பிறந்தது, நெரிசலில்தான் தீரும்.

வழி நெடுக ஸ்பீக்கரில் கணவருடன் பேசிக்கொண்டு போகாதீர்கள். அவர் பேசியதால்தான் தப்பித்தேன் என்று மனம் கணக்கெழுதிக்கொள்ளும். 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவதும் அதே கதைதான். ஃபெர்ரியும் கைகொடுக்காது, 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை.

பாதிப் பாலத்தில் படபடத்தால் நிறுத்தாதீர்கள். இடது ஓரம் மோட்டார்சைக்கிள்கள் வரும் இடம். வேகத்தை மெல்ல 60க்குக் குறைத்து, ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தி, நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். தீவில் இறங்கி ஓரிடத்தில் காரை நிறுத்தி உட்காருங்கள். பயம் பாதியானதும் அன்றே பாலம் வழியாகவே திரும்புங்கள். டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான்.

நான்கு வாரத்தில் எண் இறங்கவில்லை, அல்லது வீட்டிலும் படபடப்பு வருகிறது என்றால், உளவியலாளரைப் பார்க்க கிளினிக் மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். அப்போதும் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடியும்வரை அந்தப் பக்கம் போகும் சக ஊழியர் யாருடைய காரிலாவது போகலாம். பெட்ரோலிலும் டோலிலும் உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.